வட்ட வெட்டு வைரத்தோடு: வவுனியாவில் வாங்கிய ஒரு சோடியைப் பற்றிய மதிப்புரை

இந்த மதிப்புரை ஒற்றைக்கல் வைரத்தோடு ஒரு சோடியைப் பற்றியது. காதுக்கு 0.25 கரட் வீதம் இரண்டு கற்கள், வட்ட பிரில்லியண்ட் வெட்டு, 18 கரட் பொன்னில் நான்கு கவ்விகள் பிடித்த பின்புறம் திறந்த கட்டு, திருகிப் பூட்டும் சுரை என்பனவே அதன் விபரம். என் பெறாமகளின் திருமணத்துக்காக வவுனியா நகரிலுள்ள ஒரு நகைக்கடையில் இதை வாங்கினோம். திருமணம் முடிந்த பின்னரும் அவள் இதைக் கழற்றாமல் வேலைக்கும் வீட்டுக்கும் போட்டு வருவதால், இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது: கல் மிகச் சிறப்பானது, கட்டு நல்லது, சுரை மட்டும் இன்னும் திருத்தமாக இருந்திருக்கலாம். ஆயினும் கல் ஏன் சிறப்பானது என்பதை விளக்காமல் விட்டால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நகை எடுக்கப் போகும் ஒருவருக்கு இந்த எழுத்தால் பயன் இராது.

பெறாமகளுக்கு முதலில் பிடித்தது முட்டை வடிவக் கல். ஒரே நிறையில் அது வட்டக் கல்லைவிடப் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வடிவத்தில் பெரும்பாலான கற்களின் நடுவே, இரு பக்கமும் விரிந்த வண்ணத்துப்பூச்சியைப் போன்று ஒரு கருநிழல் விழும். சில கற்களில் அது மெல்லியது, சிலவற்றில் கல்லின் பாதியை விழுங்கிவிடும். கண்ணால் பார்த்துத் தேர்வதைத் தவிர வேறு வழி இல்லை, ஏனெனில் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2006இல் தொடங்கிய ஐந்து படி வெட்டுத் தரம் வட்ட பிரில்லியண்ட் கல்லுக்கு உரியது. மற்ற வடிவங்களுக்கான வழமையான அறிக்கையில் மெருகும் சமச்சீரும் மட்டுமே தரப்படும். துளி வடிவத்தின் கூர்முனை தட்டுப்பட்டால் உடையக்கூடியது. மரகத வெட்டு எனப்படும் படிவெட்டு அகன்ற கண்ணாடித் தளங்களைக் கொண்டதால், உள்ளே இருக்கும் சிறு மாசும் மறையாது. நாளாந்தம் போடும் தோட்டுக்கு, தரத்தை எண்களால் சோதித்து வாங்கக்கூடிய வட்ட வெட்டே பொருத்தமானது என்று முடிவெடுத்தோம்.

வட்ட பிரில்லியண்ட் கல்லில் 57 பட்டைகள் உண்டு. மேல் நடுவிலுள்ள அகன்ற தட்டைப் பட்டையான நடுத்தளத்தைச் சேர்த்து மேலே 33, கீழே 24. அடிமுனையையும் ஒரு சிறு பட்டையாகத் தீட்டினால் 58. இவை அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டவை அல்ல. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் வைரத்தின் முறிவுச் சுட்டி 2.42 என்பதால் அதன் அவதிக் கோணம் ஏறத்தாழ 24 பாகைதான்; அதாவது மேலிருந்து உள்ளே நுழைந்த ஒளி கீழ்ப்பட்டையில், அதன் செங்குத்திலிருந்து 24 பாகைக்கு மேற்பட்ட சரிவில் விழுந்தால் வெளியேற வழியின்றி முழுவதும் உள்ளேயே திரும்பும், அதாவது முழு அகத்தெறிப்பு அடையும். ஒரு பக்கப் பட்டையில் பட்டு, எதிர்ப்பக்கப் பட்டையில் மீண்டும் பட்டு, மேற்புறமாகவே திரும்பி நம் கண்ணுக்கு வரும். கீழ்ப்பட்டைகளின் சாய்வு சரியாக இருந்தால் மட்டுமே இந்த இரண்டு தெறிப்பும் ஒழுங்காக நிகழும். சாய்வு கூடிவிட்டால் ஒளி இரண்டாம் பட்டையால் கீழே ஒழுகிப்போய் நடுப்பகுதி ஆணித்தலைபோல் இருண்டு விடும். குறைந்துவிட்டால் கல்லின் விளிம்பு உள்ளே தெறித்து, நடுத்தளத்துக்குள் மங்கலான ஒரு வெள்ளை வளையம் தெரியும். பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரின் வைரத் தொழிற்குடும்பத்தில் பிறந்த மார்செல் டொல்கோவ்ஸ்கி என்பவர் 1919இல் இதைக் கணித்து, மேற்பட்டைக்கு 34.5 பாகையும் கீழ்ப்பட்டைக்கு 40.75 பாகையும் பொருந்தும் என்று காட்டினார். நூறு ஆண்டுகள் கடந்தும் நல்ல வட்டக் கற்கள் அந்த எண்களைச் சுற்றியே தீட்டப்படுகின்றன. பாடசாலையில் முழு அகத்தெறிப்பைக் கற்பிக்கும் எனக்கு, அந்தப் பாடம் ஒரு தோட்டுக்குள் இத்தனை நுணுக்கமாக இயங்குவதைப் பார்த்தது பெரிய மகிழ்ச்சி.

கடையில் எங்கள் முன் இரண்டு சோடிக் கற்கள் வைக்கப்பட்டன. நிறமும் தெளிவும் இரண்டுக்கும் ஒன்றே. முதற் சோடியின் கல் ஒன்று 0.28 கரட், இரண்டாவதில் 0.25 கரட். கல்லின் நிறையைக் குறிக்கும் கரட் என்பது 0.2 கிராம் என்பதால் இந்த வேறுபாடு தராசில் மட்டுமே தெரியும் அளவு. விலையில் நன்றாகவே தெரிந்தது. வேணியர் இடுக்கியால் அளந்து காட்டும்படி கேட்டபோது, இரண்டு சோடியின் விட்டமும் 4.1 மில்லிமீற்றராகவே இருந்தது. ஆழம் 2.75 மில்லிமீற்றருக்கு எதிராக 2.5 மில்லிமீற்றர். மேலதிக நிறை முழுவதும் காதுக்குப் பின்னால் மறையும் பகுதியிலும் தடித்த விளிம்பிலும் இருந்தது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தாலும் 0.0061ஆலும் பெருக்கினால் வட்டக் கல்லின் நிறை கரட்டில் ஏறத்தாழ வரும்; கட்டிய நகையில் கல்லைக் கழற்றாமல் நிறை மதிப்பிடவும் இக்கணக்கு உதவும். ஆழத்தை விட்டத்தால் வகுத்தால் முதற் கல்லுக்கு 67 சதவீதம், இரண்டாவதற்கு 61 சதவீதம். பொதுவாக 59க்கும் 62.5க்கும் இடைப்பட்டதே விரும்பத்தக்கது. இரண்டாவது சோடியின் ஆய்வுகூட அறிக்கையில் நடுத்தளம் விட்டத்தில் 57 சதவீதம், மேற்சாய்வு 34.5 பாகை, கீழ்ச்சாய்வு 40.8 பாகை என்று இருந்ததைப் பார்த்ததும் எங்கள் தேர்வு முடிந்துவிட்டது. கூடிய காசு கொடுத்துக் குறைந்த ஒளியை வாங்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இத்தனை எண்களையும் எழுதுகிறேன்.

எண்கள் சரியாக இருந்தாலும் கண்ணும் இணங்க வேண்டும். நகைக்கடையின் கூரையில் நிறைந்திருக்கும் குத்தொளி விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மினுங்கும், கண்ணாடிக் கல்லும் மினுங்கும். ஆகவே கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத நிழலில் பார்ப்பதற்கு அனுமதி கேட்டோம். கடைக்காரத் தம்பி தயங்காமல் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களுடன் வந்தார். அந்த மெதுவான வெளிச்சத்தில் 0.28 கரட் கல்லின் நடு சாம்பல் பூத்தது, 0.25 கரட் கல் விளிம்புவரை வெண்மையாக நின்றது. ‘பெரியம்மா, சின்னக் கல்லுத்தான் பெரிசாத் தெரியுது’ என்று பெறாமகள் சொன்னாள். வெட்டின் பெறுமதி இதைவிட எளிமையாக விளங்காது.

அடுத்து வந்தது கட்டு பற்றிய பேச்சு. பின்புறத்தைத் தகட்டால் மூடிக் கட்டும் பழைய முறையையே என் தங்கை விரும்பினாள். பழைய நகைகளில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது: தட்டையான அடியும் கவிந்த மேற்பக்கமும் கொண்ட ரோஜா வெட்டுக் கற்களால் ஒளியைத் தாமே முழுமையாகத் திருப்ப முடியாது, ஆதலால் கீழே மினுங்கும் தகட்டை வைத்து ஒளியை மேலே அனுப்பினார்கள். பிரில்லியண்ட் கல்லுக்கு அந்த உதவி தேவையில்லை, அதன் முதுகுக்கு வேண்டியது காற்றும் சுத்தமும் மட்டுமே. வைரத்தின் மேற்பரப்பு எண்ணெயை இழுத்துப் பிடிக்கும் தன்மையுடையது. தேங்காயெண்ணெய் கீழ்ப்பட்டையில் படிந்தால், அதுவரை 24 பாகையாக இருந்த அவதிக் கோணம் 37 பாகை அளவுக்கு உயர்ந்துவிடும். முன்பு திரும்பி வந்த ஒளியில் பெரும் பங்கு அந்த எண்ணெய்ப் படலத்தினூடாக வெளியேறும். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகும் நம் வழக்கத்தில் தோட்டின் பின்புறத்தில் எண்ணெய் சேராமல் இருக்காது. அதோடு வன்னியின் கிணற்று நீரில் பல இடங்களில் கல்சியம் கூடுதலாக இருப்பதால், சவர்க்காரத்துடன் சேர்ந்து வெண்படலமும் பிடிக்கும். மூடிய கட்டுக்குள் இவை புகுந்தால் எடுக்க வழியில்லை; திறந்த கட்டில் மென்மையான பல்தூரிகையும் இளஞ்சூட்டு நீரும் சிறிது பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பெறாமகள் தோட்டைக் கழுவிய பின், கொதித்தாறிய வடிகட்டிய நீரில் ஒருமுறை அலசித் துடைக்கிறாள். கல் இன்றும் வாங்கிய நாளின் தெளிவுடன் இருப்பதற்கு அதுவே காரணம்.

பொன்னின் தரம் பற்றி எங்கள் வீட்டில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. 22 கரட் அல்லாததை நகை என்றே ஏற்காத ஊர் நம்முடையது. காலபோக விதைப்புக்குக் காசு வேண்டுமென்றால் அடைவு வைப்பதும், அறுவடை முடிந்ததும் மீட்பதும், இடம்பெயர்ந்தபோது கையில் எஞ்சியதைக்கொண்டு பிழைத்ததும் எல்லாம் பொன்னால்தான். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். எனினும் 22 கரட் பொன் மென்மையானது. மெல்லிய கவ்விகள் அதில் எளிதில் வளைந்து கல்லை விட்டுவிடும். அதனாற்றான் இந்தச் சிறு தோட்டுக்கு 18 கரட்டை ஏற்றோம். இதில் ஒளிவு வேண்டாம்: அடைவுக்குப் போனால் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கே காசு தருவார்கள். சேமிப்பாக நகை வாங்குகிறவர் பவுண் கணக்கில் சங்கிலியோ காப்போ வாங்குவதே நன்று. வைரம் அணிந்து மகிழ்வதற்கான செலவு, அந்த மகிழ்ச்சிக்கு ஒதுக்கக்கூடிய பணம் கையில் இருக்கும்போது மட்டும் வாங்க வேண்டியது.

போலியைப் பற்றியும் சில சொற்கள். நம் நாட்டில் கிடைக்கும் நிறமற்ற சிர்க்கோன் கல் ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரில் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் மேலிருந்து பார்த்தால் அதன் கீழ்ப்பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தைப் போலத் தோன்றும் செயற்கைக் கல்லான மொய்சனைட்டும் சாய்த்துப் பார்க்கும்போது இவ்வாறே காட்டும், வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கருவியை மட்டும் நம்பினால் அது வைரமாகவே தேறிவிடும். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட வைரம் போலி அல்ல, ஆனால் விலை மிகக் குறைவு என்பதால் பற்றுச்சீட்டில் அது தெளிவாக எழுதப்பட வேண்டும். ஐயம் இருப்பவர்கள் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்டலாம்.

கடையின் சேவையில் எனக்குப் பிடித்தது அவர்களின் பொறுமை. அளக்கக் கேட்டபோதும், வெளியே கொண்டுபோகக் கேட்டபோதும், கட்டுவதற்கு முன் கல்லைப் பெருக்குக் கண்ணாடியால் பார்க்கக் கேட்டபோதும் முகம் சுளிக்கவில்லை. அறிக்கையில் உள்ள எண் கல்லின் விளிம்பில் நுண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்ததையும் காட்டினார்கள். குறை என்று சொன்னால் இரண்டு. பற்றுச்சீட்டில் முதலில் மொத்த விலை மட்டும் எழுதப்பட்டிருந்தது. கல்லின் விலை, பொன்னின் நிறை, செய்கூலி ஆகியவற்றைப் பிரித்து எழுதும்படி நாங்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது. மற்றது சுரை. புரி ஆழம் குறைவாக இருந்ததால் ஒரு பக்கச் சுரை நாளடைவில் தளரத் தொடங்கியது. திருப்பிக் கொண்டுபோனபோது மேலதிகக் கூலி வாங்காமல் தண்டையும் சுரையையும் மாற்றித் தந்தார்கள், நான்கு கவ்விகளையும் அப்போதே இறுக்கியும் விட்டார்கள். வைரத்தோடு எடுப்பவர்கள் கடையை விட்டு இறங்குமுன் சுரையைக் குறைந்தது நான்கு முழுச் சுற்றுத் திருகிப் பார்த்து, அது தண்டில் ஆடாமல் நிற்கிறதா என்று உறுதிசெய்து, கவ்விகளை இலவசமாகச் சோதித்துத் தரும் காலத்தையும் அதே பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.