எலி மூளையில் ஊசி: எம்.எஃப்.பி.யா, ஸ்ட்ரையேட்டமா?

கோவையில் பார்மசி முதுகலை செய்கிறவர்கள் மூலிகைச் சாறு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கின்சனுக்கு எந்த எலி மாடல் எடுக்கலாம் என்று கேட்பதுண்டு. டோபமைன் செல்களைக் கொன்று எலிக்கு அந்த நோயின் தன்மையை வரவழைக்கும் நஞ்சு 6-ஹைட்ராக்சிடோபமைன். அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. ஸ்டீரியோடாக்ஸிக் கருவியில் தலையைப் பொருத்தி மூளைக்குள்ளேயே செலுத்த வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. நாங்கள் ஸ்ட்ரையேட்டத்தை, அதாவது டோபமைன் இழைகள் போய் முடியும் மூளைப் பகுதியை, எடுத்தோம். இன்னொன்று, அந்த இழைகள் கட்டாகச் செல்லும் எம்.எஃப்.பி. (மீடியல் ஃபோர்பிரெய்ன் பண்டில்).

எங்கே போட்டாலும் ஒரு பக்கம் மட்டும் போடுங்க. இருபக்கமும் போட்டால் எலி தின்னாது, குடிக்காது. குழாய் வைத்து ஊட்ட நேரும்.

எம்.எஃப்.பி.யில் முடிவு உறுதி. சில நாட்களிலேயே பெரும்பாலான டோபமைன் செல்கள் மடியும். டோபமைன் போலச் செயல்படும் அபோமார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் எலி பாதிப்பில்லாத பக்கமாகச் சுற்றும். முற்றிய நோயைப் படிக்க இதுவே சரி.

ஆனால் சாறு செல்களைக் காக்கிறதா என்று பார்க்க, காப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே! ஸ்ட்ரையேட்டத்தில் முதலில் நரம்பு முனைகள் அழியும். பிறகுதான் அந்த இழைகள் தொடங்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியிலுள்ள செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். 1994இல் ஆய்வாளர்கள் ஸாவரும் ஓர்ட்டலும் செல்களுக்கு முன்கூட்டியே நிறமேற்றி எண்ணியபோது, இழப்பு 8 முதல் 16 வாரம்வரை நீண்டது. எனக்கு இந்த அவகாசம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. நோயாளியும் அறிகுறி வந்த பிறகுதானே மருத்துவரிடம் வருகிறார்? ஊசிக்கு ஒரு வாரம் கழித்து மருந்தைத் தொடங்கலாம். முன்பிருந்தே சாறு கொடுத்துவிட்டு ‘செல்களைக் காத்தது’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. அது நஞ்சையே செயலிழக்க வைத்திருக்கலாம்.

நடத்தை மாற்றத்தைத் தொடர்ந்து பார்க்க சிலிண்டர் சோதனை போதும். கண்ணாடி உருளைக்குள் எலி எழுந்து சுவரில் எந்த முன்னங்காலை ஊன்றுகிறது என்று வீடியோவில் எண்ணலாம். அடிக்கடி விட்டால் பழகிப்போய் எழாது. சித்திரை வெயிலில் அனிமல் ஹவுஸ் ஏசி நின்றாலும் துவண்டுவிடும். அன்றைய கணக்கை நம்ப வேண்டாம்.

குறையும் உண்டு. பகுதி இழப்பில் அபோமார்ஃபின் சுழற்சி தெளிவாக வராது. டோபமைனை வெளிவிடச் செய்யும் ஆம்ஃபெட்டமின் அதைக் காட்டும், ஆனால் அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. எலிக்கு எலி வேறுபாடும் கூடுதல், அதனால் எலிகளும் கூடுதலாக வேண்டும்.

ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் மெல்ல மெல்லத்தான் பாதிக்கும், அறுவையும் வேண்டாம். ஆனால் இறப்பு அதிகம். நாங்கள் முன்னோட்டத்தோடு நிறுத்திவிட்டதால் அதில் என் பேச்சைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளுங்க. ஸ்ட்ரையேட்டம் என்று முடிவானால், கூடுதல் எலிகள் ஏன் தேவை என்பதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்க.