ஊசிக்கு முழுப்புள்ளி, ரிப்போர்ட்டுக்கு அரைப்புள்ளி

யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றி ரத்தம் சோதிக்கிற லாப்புகளுக்குப் பஞ்சமில்லை, எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் அம்மாவைக் கூட்டிப்போன லாப்பின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்று வாசித்தால் விளங்கும்.

அம்மாவுக்கு ஒரு மாதமாகக் கால் வீக்கம். பின்னேரமானால் செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே கிடக்கும், கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினால் விழுந்த குழி நிரம்ப நேரமெடுக்கும். டொக்டர் ரத்தத்தில் புரதம் பார்க்கவும் அதோடு ஃபுல் பிளட் கவுண்டும் எழுதித் தந்தார். போனில் கேட்டதற்கு, இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னது கவுண்டர். எழுபது தாண்டிய மனுசி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் முக்கால் மணித்தியாலம் வாங்கில் இருந்தார். சீனி பார்ப்பதென்றால் சரி, புரதத்துக்கு இந்தப் பட்டினி தேவையே இல்லை என்று டொக்டர் பிறகு சொன்னபோது எனக்கு வந்த கோபம்!

ஆனால் ரத்தம் எடுக்கிற தம்பி கெட்டிக்காரன். அம்மாவின் நரம்பு லேசில் அகப்படாது. வேறிடங்களில் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டு அஞ்சு நிமிடம் தட்டித் தட்டித் தேடுவார்கள். இவர் ஒரு நிமிடத்துக்குள் அகப்படவில்லை என்றதும் பட்டியை அவிழ்த்துவிட்டு மற்றக் கைக்குப் போனார். "கையைப் பொத்திப் பொத்தி விரிக்காதேங்கோ அம்மா, கனநேரம் கட்டி வைச்சா தண்ணி வெளியால போய்ப் புரதம் கூடக் காட்டும்" என்றார். ஒரே குத்துத்தான், நீலம் பாயவும் இல்லை.

இரண்டு ரியூப். ஊதா மூடி போட்டதில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும், கவுண்டுக்கு அது. மஞ்சள் மூடியில் ரத்தம் உறைய விடுவார்கள், அதை மெஷினில் சுழற்றி எடுத்தால் மேலே தேசிக்காய்த் தண்ணி நிறத்தில் நிற்பதுதான் சீரம். உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் சீரமும் ஒன்றென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உறையும்போது பைபிரினோஜன் என்ற புரதம் நூல்நூலாகி, பண்ணைக் கடலில் கட்டிய வலை மாதிரி செங்குழியங்களைப் பிடித்துக்கொண்டு கட்டியோடு போய்விடுகிறது. ஆகவே சீரத்தில் எடுத்த மொத்தப் புரதக் கணக்கில் அது சேராது.

இனி ரிப்போர்ட். இரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், ஆறரைக்கு வந்தது. மொத்தப் புரதம் 62, அதன் இரண்டு பங்கான அல்புமின் 29, குளோபியுலின் 33. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'டெசிலீட்டருக்குக் கிராம்' என்று அடித்திருக்கிறார்கள்! 100 மில்லிலீட்டரில் 62 கிராம் புரதம் இருந்தால் அது ஒடியல் கூழை விடத் தடிப்பாக அல்லவா ஓடும்? லீட்டருக்கு என்று வரவேண்டியது. சாதாரண ஆளுக்கு லீட்டருக்கு 60 இலிருந்து 80 கிராம் வரை மொத்தப் புரதம், அதில் அல்புமின் மட்டும் 35 இலிருந்து 50 வரை. திரும்பப் போய்க் கேட்டால் கவுண்டர்ப் பிள்ளை, "எல்லாருக்கும் உப்பிடித்தானே அக்கா வாறது" என்கிறாள். உள்ளேயிருந்து வயதான ஒருவர் வந்து பார்த்து, தலையில் கைவைத்து, வேறு பிரிண்ட் எடுத்துத் தந்தார். மன்னிப்பும் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று, குளோபியுலினை அங்கே யாரும் அளக்கவில்லை. மொத்தத்தில் அல்புமினைக் கழித்து எழுதுவது. அந்த ஒரு எண்ணுக்குள் இரும்பைக் காவும் டிரான்ஸ்பெரின், செம்பைக் காவும் செருலோபிளாஸ்மின், காமா வகையில் வருகிற பிறபொருளெதிரிகள் எல்லாம் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க மின்புலத்தில் ஓடவிடுகிற வேறு டெஸ்ட் இருக்கிறது, சுவீடன்காரர் டிசேலியஸ் 1948இல் நோபல் வாங்கியது அந்த வழிக்காகவும்தான். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

டொக்டரின் விரல் நேரே 29இல் போய் நின்றது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அல்புமினுக்கு, அது குறைந்தால் தண்ணீர் கசிந்து காலில் இறங்கும். தட்டிவான் மாதிரி கொழுப்பமிலம், பிலிருபின், மருந்து, கல்சியம் என்று கண்டதையும் ஏற்றிக்கொண்டு ஓடுவதும் அதுதான். போன மாதம் வேறொரு ரிப்போர்ட்டில் கல்சியம் குறைவு என்று வந்து நாங்கள் பயந்தோமே, ஏற்றுகிற வாகனமே குறைந்தால் மொத்தக் கல்சியமும் குறைத்துத்தான் காட்டுமாம். ஈரல் செய்யாமல் விட்டதா, சிறுநீரகம் ஒழுக விட்டதா என்று பார்க்க அடுத்ததாகச் சலம் பரிசோதித்தார்கள். அதில் புரதம் நிறையப் போயிருந்தது. இப்போது மருந்து நடக்கிறது.

விலையில் குறையில்லை, இடமும் துப்புரவு. அல்புமினின் அரைவாசி மாறவே ஏறத்தாழ 20 நாள் எடுக்கும், நாளைக்கே திரும்பப் பார்த்து வேலையில்லை என்பதால் ஆறு கிழமை கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அதே லாப்புக்குத்தான் போவோம். அந்தத் தம்பி நிற்கிற நாளா என்று முதலில் போன் எடுத்துக் கேள் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். கவுண்டரை விட்டு இறங்குமுன் அலகைப் பார்க்க வேண்டியது என் பாடு.