உழவர் சந்தைக்கு நடந்து போய்க் காய் வாங்கி எட்டு மாதம்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு ஜிம்மில் 12,000 ரூபாய் கட்டிச் சேர்ந்து மொத்தம் 19 நாள்தான் போனேன், கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 630 ரூபாய் கொடுத்து நின்ற இடத்திலேயே நடந்திருக்கிறேன். ஜிம் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏசி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கப் பொறுமை இல்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 தொட்டாலே எல்லைக்கோடு, 6.5 என்றால் சர்க்கரை நோய். சோற்றைக் குறையுங்கள், காயைக் கூட்டுங்கள், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னபோது, "அப்ப வண்டியை எடுக்காம உழவர் சந்தைக்கு நடந்து போயிட்டு வாங்களேன், ரெண்டும் முடிஞ்சிடும்" என்றாள் மனைவி. கிண்டலாகத்தான் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து சந்தை 1.8 கிலோமீட்டர். போக 22 நிமிடம், திரும்பி வரப் பையின் கனத்தால் 25. வாரம் நாலு நாள் போனால் 188 நிமிடம் ஆகிறது, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது, தாண்டிவிட்டேன். ஆனால் சந்தைக்குள் கீரைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளக் கூடாது, முதல் மாதம் நான் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடையும் கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் இருக்க வேண்டும், பேச முடியணும், பாட முடியக் கூடாது.

சரி, சந்தைக்கு வருகிறேன். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள், எங்கள் ஊருக்கு அதற்கப்புறம் வந்தது. விவசாயியே நேராக வந்து விற்க வேண்டும், அதற்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை உண்டு, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தை நிர்வாகமே கொடுத்துவிடுகிறது. வாசலில் விலைப் பலகை இருக்கும். மொத்த விலைக்கு ஏறக்குறைய 20 சதவீதம் மேலே, வெளிச் சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்பதுதான் ஆதியிலிருந்து உள்ள கணக்கு. இதனால் பேரம் பேசத் தெரியாத என் மாதிரி ஆட்களுக்குப் பெரிய நிம்மதி, பலகையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனால் போதும். கொசுறு மட்டும் கேட்காமலே வரும், கறிவேப்பிலை எப்போதும், நல்ல நாளென்றால் நாலு பச்சை மிளகாயும்.

காலை ஆறிலிருந்து ஏழுக்குள் போய்விடுங்கள். ஏழரைக்கெல்லாம் நல்ல கீரை தீர்ந்துவிடும், எட்டரைக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான். எனக்குக் கீரை வரிசைதான் பிடித்த இடம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எந்தக் கடையிலும் கிடைக்கும், மணத்தக்காளியும் முடக்கத்தானும் தூதுவளையும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்குமா? வேரில் மண் ஒட்டியிருக்கும், இலையில் அங்கங்கே பூச்சி கடித்த ஓட்டை இருக்கும், ஆய்வதற்குள் பொறுமை போய்விடும். அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்து ஆய்கிறேன். முதல் வாரம் பொன்னாங்கண்ணி என்று நினைத்து வேறெதையோ எடுத்துப் பையில் போடப் போனேன், "தம்பி, அது வேற, இங்க வை" என்று கீரைக்காரம்மா பிடுங்கி வைத்துவிட்டார்.

அளவு விஷயத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், அது போக 100 கிராம் பழம் என்கிறது. நாங்கள் நாலு பேர், அப்படியென்றால் காய் மட்டும் 1 கிலோ 600. அதுவரை அரைக் கிலோ கத்தரிக்காயை வாங்கி நாலு பேருக்கும் பொரியல், சாம்பாரில் நாலு முருங்கைக்காய்த் துண்டு, ஆயிற்று என்று இருந்தோம். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்கவே கூடாதாம், அது தெரிந்த அன்று வீட்டில் பெரிய ஏமாற்றம். இப்போது 1 கிலோ 200 வரை வந்திருக்கிறோம். பீர்க்கங்காய் வாங்கினால் சதையில் கூட்டு, தோலில் துவையல். கொத்தவரங்காயில் பருப்பு உசிலி. வாழைத்தண்டு வாரம் ஒரு நாள், நார் எடுப்பது என் வேலை. தட்டில் முதலில் கூட்டையும் பொரியலையும் வைத்துக்கொண்டு மீதி இடத்தில்தான் சோறு, வேறு வித்தை ஒன்றுமில்லை. பொரியலில் எண்ணெய் மிதந்தால் இதெல்லாம் வீண், அந்த விஷயத்தில் என் மாமியார் கைப்பக்குவத்தோடு இன்னும் போராட்டம் நடக்கிறது.

குறைகளும் உண்டு. மழை நாளில் எங்கள் சந்தை முழுக்கச் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் விவசாயிதானா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு, ஒரே ஆள் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கத்தரி, மாங்காய் எல்லாம் வைத்திருந்தால் அது ஒரு தோட்டத்துச் சரக்காகத் தெரியவில்லை. இரண்டு மூன்று வகை மட்டும் வைத்திருப்பவரிடம் வாங்குவது என் வழக்கம். இயற்கை விவசாயக் காய் என்று நினைத்து யாரும் போக வேண்டாம், அட்டை கொடுப்பது விவசாயி என்பதற்குத்தான், மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அல்ல. நன்றாகக் கழுவுங்கள். பை கொண்டு போகாமல் ஒருநாள் வேட்டி மடிப்பில் தக்காளி சுமந்து வந்த கதையும் இருக்கிறது, மஞ்சப்பை ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையிலும் கனத்தைச் சமமாகப் பிரித்துத் தூக்கினால் தோள் வலிக்காது.

நாலு கிலோ பையைத் தூக்குவதே உடற்பயிற்சி என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது தனியாக வேண்டும். அதனால் சந்தைக்குப் போகாத நாளில் மொட்டை மாடியில் பஸ்கி 20, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10. முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்கிக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம், அம்மா அதைத்தான் செய்கிறாள்.

எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்த 6.1 இப்போது 5.8. முழுப் புண்ணியமும் சந்தைக்கே என்று சொல்ல மாட்டேன், ராத்திரி பரோட்டாவை விட்டதும் அதே சமயத்தில்தான். எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, வயிற்றுப் பக்கத்துச் சட்டைப் பொத்தான் இழுக்காமல் மூடுகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன், அந்த ஒன்றைச் சேற்றுக்காகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் காரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல், எங்கள் சந்தைப் பக்கம் வண்டி நிறுத்த இடமே கிடையாது, அரைக் கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.