கொழிஞ்சாம்பாறையில் 6 நாள் குடிநோய் ஆலோசகர் பயிற்சி: என் மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தனியார் சிகிச்சை மையம் நடத்திய 6 நாள் குடிநோய் ஆலோசகர் பயிற்சிக்குச் சென்ற மாதம் போய்வந்தேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், இதே சித்தூர் வட்டத்தின் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பெற்றோரைச் சந்திக்கும் பொறுப்பு என்னுடையது. தந்தையின் குடியால் படிப்பை இழக்கும் பிள்ளைகளின் கதை வாரந்தோறும் என் மேசைக்கு வருகிறது. கட்டணம் மதிய உணவுடன் 3,000 ரூபாய்.

கொடுத்த பணம் முழுவதும் வகுப்பெடுத்த டீச்சருக்கே தகும். மனநல மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் பணியைத் தொடங்கி, பல ஆண்டுகள் நோயாளிகளோடு கழித்துவிட்டு, இப்போது ஆலோசகர்களைப் பயிற்றுவிப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பவர். முதல் நாள் அவர் பேசும் கலையைத் தொடவே இல்லை. உடலைப் பற்றித்தான் பேசினார். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து மனக்குழப்பமும் இல்லாத உருவங்களைக் காண்பதுமாக உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம் என்பதால், மருத்துவரிடம் அனுப்பாமல் சத்தியம் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிற ஆலோசகரைவிட ஆலோசகரே இல்லாதது மேல் என்றார். ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தும் அண்ணன்மாரைப் பாராட்டி மட்டுமே பழகிய எனக்கு, அவர்களுடைய கைநடுக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள்தான் பயிற்சியின் உச்சம். ஒருவரின் குடிப்பழக்கத்தை எடைபோட உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விப் படிவத்தில் மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிப்பீர்கள் என்பது இரண்டாம் கேள்வி. 'ஒரு குவார்ட்டர்' என்பவருக்கு நாங்கள் எல்லோரும் 'ஒன்று' என்று குறித்து, அதற்குரிய மதிப்பெண்ணாகச் சுழியம் போட்டோம். டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால், 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி என்றால் ஏறக்குறைய 60 கிராம், அதாவது ஆறு அளவு. கள்ளுக்கு இந்தக் கணக்கும் உதவாது, காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, இங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகப் போய்வந்து சரக்கு, கள் இரண்டையும் குடிப்பவர்கள் உள்ள ஊரில் இந்தப் பாடம் எந்தப் புத்தகத்தையும்விடப் பயனுள்ளது.

பிறகு வந்தது நடிப்புப் பயிற்சி. வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறைதான் அடிப்படை: ஆலோசகர் மதுவுக்கு எதிராக வாதாடினால், எதிரில் இருப்பவர் அதற்கு ஆதரவாக வாதாடுவார். நான் வழக்கம்போல, "பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்கண்ணா" என்றேன். குடிப்பவராக நடித்தவர் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் என்னை எழுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்து, "கள்ளு உங்களுக்கு என்ன தருதுண்ணா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நீண்ட நேரம் கழித்து, "தூக்கம் தருது டீச்சரே" என்று பதில் வந்தது. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையேடு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. தமிழில் தந்த ஒரே தாளிலும் மது அளவை 'நிலையான பானம்' என்று பெயர்த்திருந்தார்கள், அதை எந்தத் தோட்டத் தொழிலாளியிடம் வாசித்துக் காட்டுவது? அதைவிடப் பெரிய குறை, குடும்பத்தினருக்கு ஒரே ஒரு பிற்பகல் ஒதுக்கியது. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் தந்து பல ஆண்டுகளாகிவிட்டன. என் மேசைக்கு வருவது பெரும்பாலும் மனைவியரே என்பதால், இந்த ஏமாற்றம் எனக்குச் சற்று அதிகம்.

கடைசியில் தருவது கலந்துகொண்டதற்கான சான்றிதழ்தான், அதைக் காட்டி ஆலோசகர் வேலை கேட்க முடியாது. ஆசிரியர்களும் ஆஷா பணியாளர்களும் தாராளமாகச் சேரலாம். சேரும் முன், வகுப்பெடுப்பது இதே டீச்சர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.