கழுத்து லேபிள் இல்லாத துணிகளோடு மூன்று வருடம்

முதலில் வாங்கியது ஒரு கறுப்பு நிட் டாப். ஒரு தோள் சரிந்து, முன்பக்கம் சாய்வாக மடிந்து விழும் ரகம். இன்ஸ்டாகிராமில் ‘த்ரிஃப்ட்’, அதாவது பிறர் உடுத்திய பழைய துணி விற்கும் ஒரு பக்கத்தில், கூரியர் சேர்த்து 650 ரூபாய். கழுத்தில் லேபிள் இருந்த இடத்தில் பிசிறு மட்டும் நின்றது. “பெரிய பிராண்ட் சிஸ், பேரு வெளிய சொல்லக்கூடாது” என்றார் விற்றவர். அந்த வரியில்தான் விழுந்தேன். பெயரைச் சொல்லியிருந்தால் விலையை ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். சொல்லாததால் பாரிஸ் வரை மனசு போய்விட்டது.

பெரியம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். டாப்பைக் கையில் கொடுத்ததும் உள்பக்கமாகத் திருப்பித்தான் பார்த்தார். “தோள்ல டேப் வச்சுத் தச்சிருக்கான், தொங்காது. ஆனா இதுல என்ன ரகசியம்? காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனா இப்படி லேபிள் வெட்டினது குவியலா கெடக்கும்.” ஆர்டருக்கு மேல் தைத்ததும் ஏற்றுமதியில் கழிந்ததும் உள்ளூரில் விலைபோகும்போது, வாங்கவிருந்த பிராண்டின் பெயர் கூடவே போகக்கூடாது என்று வெட்டிவிடுவார்கள். ஆக, பழசு என்று நாம் ஆசையாக வாங்குவதில் சில, யாரும் ஒரு நாள்கூட உடுத்தாத புதுசு!

அப்புறம் ஒரு துப்பு கிடைத்தது. கழுத்தில் வெட்டுகிறவர்கள் விலாத் தையலில் இருக்கும் சலவைக் குறிப்பை மறந்துவிடுவார்கள். அமெரிக்காவுக்குத் தைத்தது என்றால் அதில் பெரும்பாலும் ‘ஆர்என்’ என்று ஓர் எண் இருக்கும். அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தளத்தில் போட்டால் எந்த கம்பெனி என்று தெரிந்துவிடும். என் கறுப்பு டாப்பின் எண்ணைப் போட்டேன். பாரிஸுமில்லை, மிலானுமில்லை, மளிகையோடு துணியும் விற்கும் ஒரு கடைத்தொடர். ஒரு நாள் முழுக்கக் கடுப்பு. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். இன்றுவரை தோள் தொங்கவில்லை, தையலோரம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

பெயரில்லாததே ஒரு பெயராகிவிடும் வேடிக்கையும் உண்டு. 1988-ல் பாரிஸில் தொடங்கிய மார்ஜெலா என்ற ஃபேஷன் நிறுவனம் எழுத்தே இல்லாத வெள்ளை லேபிளை நாலு மூலையிலும் நாலு தையல் போட்டுப் பிடித்தது. அந்த நாலு தையல் முதுகுப்பக்கம் வெளியே தெரியும். பிறகு அதைப் பார்த்தே ஆளை எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடிபட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு பிளேசர் முதல் துவைப்பிலேயே காலர்மடிப்பு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. உள்ளே பசையால் ஒட்டிய கேன்வாஸ் விட்டுப்போயிருந்தது. ‘சில்க்’ என்று வந்த சட்டையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் அசல் சில்க்கில் வரும் முடி கருகும் வாடையே இல்லை, உருகிக் கெட்டி மணியாக நின்றது. பாலியஸ்டர். இரண்டுக்கும் ரிட்டர்ன் கிடையாது. சைஸ் லேபிளும் கழுத்தோடு போய்விடுவதால் ‘மீடியம்’ என்று சொன்னால் நம்புவதில்லை. அக்குளுக்கு அக்குள் எத்தனை இன்ச் என்று கேட்டுவிடுகிறேன்.

பத்துப் பதினைந்து பக்கங்களைப் பின்தொடர்ந்தேன். இப்போது மிச்சம் இரண்டுதான். ரெண்டு பேருமே கேட்காமலே உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள்.