பாஸா, கீபாஸ்எக்ஸ்சியா?

கடவுச்சொற்களை அடுத்தவர் சர்வரில் வைக்காமல் நம் கையிலேயே வைத்துக்கொள்ள பாஸ், கீபாஸ்எக்ஸ்சி என்று இரண்டு நல்ல வழிகள் உண்டு. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்.

'பாஸ்' ஒவ்வொரு கடவுச்சொல்லையும் ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருளால் பூட்டிய தனிக் கோப்பாக வைக்கிறது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளை இணைத்துவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் தானாகவே கமிட் ஆகும், அதாவது வரலாற்றில் பதிவாகும். எந்தக் கணக்கை எப்போது மாற்றினோம் என்று பிறகு பார்க்கலாம். ஆனால் கோப்புப் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. ரெப்போ (இந்தக் கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியம்) வெளியே போனால், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை ஜிபிஜி சாவி. அதுவும் அதன் கடவுத்தொடரும் திருடுபோனால், கிட் வரலாற்றில் கிடக்கும் பழைய கடவுச்சொற்களும் சேர்ந்தே திறந்துகொள்ளும். சாவி தொலைந்தால் எதுவுமே திறக்காது. சாவிக்குத் தனியாக ஒரு பேக்கப் கட்டாயம் வேண்டும்.

கீபாஸ்எக்ஸ்சியில் எல்லாமே கேடிபிஎக்ஸ் என்ற வகையிலான பூட்டிய ஒரே கோப்புக்குள், தலைப்புகளும் மறைந்திருக்கும். சிறு ஆவணங்களையும் இணைத்து வைக்கலாம். கிட்டில் போடலாம்தான், ஆனால் என்ன மாறியது என்று கிட்டின் டிஃப் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் வசதி) காட்டாது. இரண்டு கணினியில் தனித்தனியாக மாற்றிவிட்டால், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் கீபாஸ்எக்ஸ்சியின் மெர்ஜ் வசதியைத்தான் நாட வேண்டும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலேயே புழங்குபவருக்குப் பாஸ் சரி. வீட்டில் அப்பா, அம்மாவும் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் கீபாஸ்எக்ஸ்சியைத்தான் சொல்வேன்.