ஒய்ஸ்டின்ஸில் மூன்றேகால் வருடம்

டொரோண்டோவிலிருந்து ஒரு அலாரம் கடிகாரம் கொண்டுபோயிருந்தேன். பிளக்கில் செருகினால் சிவப்பு எண்கள் எரியுமே, அந்த ரகம். கரீபியன் தீவான பார்படோஸில் முதல் திங்கட்கிழமை காலை அது ஏழு மணிக்கு அடித்தபோது நிஜத்தில் எட்டரை தாண்டிவிட்டது. அன்றைய முதல் மீட்டிங் முடிந்தே போயிருந்தது. தீவுக்குப் போனதும் ஆள் மாறிவிட்டான் என்று டீமில் ஒரே கிண்டல். குற்றம் என்னுடையது இல்லை. கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பார்படோஸில் வோல்டேஜ் கிட்டத்தட்ட அதேதான், 115. பிளக்கும் அதே தட்டைக்கால் பிளக். ஆனால் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் பழைய கடிகாரம் அங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கரீபியனில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படத்தில் எப்படியோ நேரிலும் அப்படியே. 2021 மார்ச்சிலிருந்து 2024 ஜூலை வரை அங்கே இருந்தேன். என்னை இருக்க வைத்ததும் கடைசியில் கிளம்ப வைத்ததும் இந்தக் கடிகாரம் மாதிரியான சில்லறை விஷயங்கள்தான். மணலில் உட்கார்ந்து லேப்டாப் தட்டும் படங்களை நம்ப வேண்டாம். அந்த வெயிலில் ஸ்கிரீன் தெரியாது. நான் முயன்று பார்த்தது மொத்தம் இரண்டு நாள்.

காகித வேலையை முடித்துவிடுகிறேன். கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டதால் பார்படோஸ் அரசு 2020 ஜூலையில், வெளிநாட்டுக் கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்து ஆன்லைனில் பார்ப்பவர்களுக்காக, 'வெல்கம் ஸ்டாம்ப்' என்று ஒரு விசாவைக் கொண்டுவந்தது. தனி ஆளுக்கு 2,000 அமெரிக்க டாலர், குடும்பத்துக்கு 3,000. அடுத்த 12 மாதத்தில் குறைந்தது 50,000 டாலர் வருமானம் வரும் என்று உறுதி தர வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும். உள்ளூர் கம்பெனியில் வேலை செய்யக் கூடாது. பதிலுக்கு, உள்ளூர் வருமான வரி கிடையாது. சொந்த நாட்டு வரிக் கணக்கு தனிக் கதை, அதை உங்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. புதுப்பிப்பதும் அப்படியே. ஆனால் எத்தனை தடவை புதுப்பித்தாலும் அது 12 மாதச் சீட்டுதான் என்பது மனதில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

காகிதத்தில் வராத இரண்டு விதிகள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணி அங்கே சட்டவிரோதம். சின்னக் குழந்தை போட்டிருந்தாலும் சரி, அது ராணுவத்துக்கு மட்டும்தான். என் பெட்டியில் அப்படி ஒரு அரைக்கால் சட்டை இருந்தது, பெட்டியிலேயே கிடந்தது. இரண்டாவது, வேனில் ஏறினாலும் மருந்துக் கடைக்குள் போனாலும் முதலில் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள், பொதுவாக. நான் முதல் மாதம் பேசாமல் நேராகக் கவுன்டருக்குப் போய் "இது இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மாதான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வணக்கம் சொல்லாமல் நடக்கிறாய், தெருவே பேசுகிறது." மறுநாளிலிருந்து ஊரே மாறிவிட்டது.

நான் இருந்தது ஒய்ஸ்டின்ஸ், தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர். பணக்காரர்கள் மேற்குக் கரைக்குப் போவார்கள். இங்கே வெள்ளிக்கிழமை இரவு மட்டும் மீன் வறுவலுக்காகச் சுற்றுலாக் கூட்டம் வரும், மற்ற ஆறு நாளும் ஊர் ஊராக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள், அப்புறம் செவ்வாய்க்கிழமை போங்கள். அதே மீன், வரிசை இல்லை.

நான் நாகப்பட்டினத்துக்காரன் என்பதால் மீன் மார்க்கெட்டில்தான் முதலில் மனசு ஒட்டியது. பார்படோஸின் தேசிய உணவு பறக்கும் மீன். காசிலும் அதன் படம் உண்டு. நம் கரையில் கோலா என்போமே, அந்த இனம்தான். ஒய்ஸ்டின்ஸ் மார்க்கெட்டில் பெண்கள் வரிசையாக நின்று, பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே முள்ளெடுத்து அடுக்குவார்கள். சதைக்குள் வெங்காயத்தாள், தைம், காரமான ஸ்காட்ச் பானட் மிளகாய் அரைத்த பச்சை மசாலாவைத் திணித்துப் பொரிப்பார்கள். சில மாதங்கள் அந்த மீன் கண்ணிலேயே படாது, அப்போது ஐஸ் பெட்டிதான். அதற்குத் துணை கூக்கூ. சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டும் களி. நம் வீட்டில் களி என்றால் மூஞ்சியைச் சுளித்தவன், அங்கே பன்னிரண்டு பார்படோஸ் டாலர் கொடுத்து வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். மெனுவில் 'டால்ஃபின்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அது மாகி மாகி என்கிற மீன், ஓங்கில் இல்லை.

கறிப்பலா தாராளம். புளிய மரங்கள் ரோட்டோரமாகவே நிற்கின்றன. தேங்காய் உண்டு. இட்லி மாவு பற்றிக் கவலையே வேண்டாம், டொரோண்டோ குளிரில் ஓவனுக்குள் விளக்குப் போட்டுப் புளிக்க வைத்தவனுக்கு இது சொர்க்கம். ஆறு மணி நேரத்தில் பாத்திரம் பொங்கி வழியும். கிரைண்டர் மட்டும், கடிகாரத்தின் அதே வியாதியால், மெதுவாகச் சுற்றிச் சூடேறும். இருபத்தைந்து நிமிட உளுந்துக்கு அரை மணி கொடுத்து, நடுவில் நிறுத்தி ஆற விட வேண்டும். இந்தியாவிலிருந்து 230 வோல்ட் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சட்னி கண்ணில் தெரியாது. பருப்பு, மசாலா எல்லாம் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் கிடைக்கும். சூரத் பக்கமிருந்து போன நூற்றாண்டின் முதல் பாதியில் வந்து, வீடு வீடாகத் தவணைக்குத் துணி விற்ற குஜராத்தி முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. கருவேப்பிலைக் கன்று எனக்குக் கொடுத்தது கயானாவிலிருந்து வந்த ஒரு காய்கறிக்கார அம்மா. அவர் குடும்பப் பெயர் 'சாமி' என்று முடியும். கொள்ளுப்பாட்டி மெட்ராஸ் கப்பலில் வந்தவர் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. மேற்கிந்திய அணியில் ஆடிய வீராசாமி பெர்மாலின் பெயரை நான் தமிழில் பிரித்து, அது பெருமாள் என்று சொன்னதும் அன்றைக்குத் தக்காளிக்குக் காசு வாங்கவில்லை.

தக்காளி என்றதும் விலை. பார்படோஸ் டாலர் இரண்டு கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர், 1975 முதல் மாறாத கணக்கு. மாறாதது அது ஒன்றுதான். சூப்பர்மார்க்கெட்டில் முக்கால்வாசி கப்பலில் வந்த சாமான், மேலே 17.5 சதவீத வாட் வரி. முதல் மாத பில்லைப் பார்த்து, டொரோண்டோவே மலிவு என்று தோன்றியது. தயிர் டப்பாவையும் ஆப்பிளையும் மறந்து, மரவள்ளி, பூசணி, மீன் என்று மாறிய பிறகுதான் செலவு அடங்கியது. படுக்கையறை ஒன்று, கடலுக்கு ஐந்து நிமிடம், வாடகை மாதம் 1,100 அமெரிக்க டாலர் கொடுத்தேன். கடல் தெரியும் வீடு என்றால் அதைவிட நிறைய கேட்டார்கள். தெரியாதது நல்லது என்று பின்னால் புரிந்தது.

ஏனென்றால் உப்பு. சைக்கிள் செயின் மூன்று மாதத்தில் செங்கல் நிறம். லேப்டாப் சார்ஜர் முனையில் பச்சை பூத்தது. கதவுக் கீல் அழும். நாகப்பட்டினத்தில் இது பழகியதுதானே என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் சர்காசம் பாசி எனக்குப் புதிது. அட்லாண்டிக்கில் மிதந்து வரும் பழுப்புப் பாசி கரையில் மலைபோல் ஒதுங்கி அழுகும்போது முட்டை நாற்றம் அடிக்கும். அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் கருக்கும். கிழக்குக் கரைதான் அதிகம் பாதிக்கப்படும், எங்கள் பக்கம் வருடத்துக்குச் சில வாரம். மேசை டிராயரில் வைத்திருந்த வெள்ளிக் காப்பு ஒரே சீசனில் கரித்துண்டு ஆனது. வீடு பார்க்கும்போது பாசி எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், வீட்டுத் தரகர் சொல்ல மாட்டார்.

இன்டர்நெட்டில் குறை சொல்ல முடியாது, ஃபைபர். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறை வடிகட்டித் தரும் நிலத்தடி நீர். நேரம் கனடா கிழக்குப் பகுதியோடு கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் கனடாவில் கடிகாரத்தைத் திருப்புவதால் பார்படோஸ் ஒரு மணி நேரம் முன்னால். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். காலை எட்டுக்கு நான் காபி குடிக்கும்போது அவர் விளக்கேற்றப் போவார். இருட்டினால் கட்டைவிரல் நகமளவு தவளைகள் விசிலடிக்கும். அந்தச் சின்ன உடம்பிலிருந்தா என்று நம்ப முடியாத சத்தம். மாலை மீட்டிங்கில் யாரோ, உன் பக்கம் என்ன கார் அலாரமா என்பார்கள்.

வங்கிதான் தலைவலி. ஒரு வங்கியில் கணக்குத் தொடங்க நான் நாலு தடவை காகிதம் கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். ஐந்தாவது மாதம் விட்டுவிட்டேன். வாடகையை வீட்டுக்காரம்மாவின் அமெரிக்கக் கணக்குக்கு அனுப்பினேன், மற்றதற்கு ஏடிஎம்.

போக்குவரத்துக்கு மூன்று வகை உண்டு: அரசின் நீலப் பேருந்து, தனியாரின் மஞ்சள் மினிபஸ், மெரூன் பட்டை போட்ட வெள்ளை வேன். எதில் ஏறினாலும் மூன்றரை பார்படோஸ் டாலர். நிறுத்தப் பலகையில் 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து' என்று இரண்டே திசை. வெள்ளை வேன் நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். பதினான்கு பேர் இடத்தில் இருபது பேர், நெஞ்சு அதிரும் பாட்டு, மடியில் யாருடைய மளிகைப் பையோ இருக்கும். கார் வாடகைக்கு எடுக்காமல் மூன்று வருடமும் அதில்தான் போனேன். என்னை ஊர்க்காரனாக்கியது கடற்கரை இல்லை, அந்த வேன்தான்.

மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கரையில் சில மரங்களின் அடியில் சிவப்புப் பட்டை அடித்திருக்கும். மான்சினீல். காய் குட்டி ஆப்பிள் மாதிரி, விஷம். மழைக்கு அதனடியில் ஒதுங்கினேன். இலையிலிருந்து சொட்டிய தண்ணீரே போதும், தோளில் கொப்புளம் போட்டு ஒரு வாரம் சட்டை போட முடியவில்லை. பட்டையைப் பார்த்தேன், அழகுக்கு அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இயற்கை எனக்கு மூன்று தடவை தேர்வு வைத்தது. வந்த அடுத்த மாதமே, 2021 ஏப்ரலில், செயின்ட் வின்சென்ட் தீவின் லா சூஃப்ரியேர் எரிமலை வெடித்தது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் சாம்பல் எங்கள் தலையில் விழுந்தது. பகலில் லைட் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஃபேன் ஓட்டினால் வீடெல்லாம் சிமென்ட் கிடங்கு. ஜூலை 2 அன்று எல்சா, 1955 ஜேனட்டுக்குப் பிறகு பார்படோஸைத் தாக்கிய முதல் சூறாவளி. கூரைகள் பறந்தன. எங்கள் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. 2018 கஜாவில் எங்கள் ஊர்ப்பக்கம் தென்னைகள் சாய்ந்து கிடந்ததை டொரோண்டோவிலிருந்து போனில் பார்த்துக் கையைப் பிசைந்தவன் நான். இந்தத் தடவை கையில் வாளியும் துணியும் இருந்தது, அது ஒரு விதத்தில் சுலபம்.

மூன்றாவது பெரில். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் இந்தியா ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டி வீடு வந்தேன். ஜூலை 1 அன்று புயல் தெற்கே கடந்தது. விமான நிலையம் மூடி, கோப்பையோடு அணியும் தீவில் மாட்டிக்கொண்டது. ஊரிலிருந்து வந்த போனெல்லாம் ரோகித் எப்படி இருக்கிறார் என்றுதான். நான் இருந்த கரையில் மீனவர்கள் படகைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரிட்ஜ்டவுன் துறையில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எனக்குத் தினமும் மீன் எடுத்து வைக்கும் பெரியவரின் படகும் அதில் ஒன்று. என் டிக்கெட் அந்த வாரக் கடைசிக்கு ஏற்கெனவே போட்டிருந்தது.

கிளம்பியதற்குப் புயல் காரணம் இல்லை. ஸ்டாம்பில் வந்த நண்பர்கள் வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாறிவிடுவார்கள். மூன்றாவது தடவையும் "எந்த ஊர், என்ன வேலை" என்று புதிதாக ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. ஊர்க்காரர்கள் அன்பானவர்கள். ஆனால் அவர்களும் உன் சீட்டு எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பழகுவார்கள், அதில் தப்பும் இல்லை. ஒரு வருடத்துக்குப் போகிறவர்களுக்குத் தயங்காமல் போங்கள் என்பேன். இரண்டாவது வருடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், பாசி சீசனில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிரைண்டரை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். நவம்பரில் சுதந்திர நாளுக்கு அங்கே காங்கி செய்வார்கள். சோள மாவு, பூசணி, தேங்காய் கலந்து வாழையிலையில் மடித்து அவிப்பது, நம் இலை அடைக்குத் தூரத்து உறவு. இரண்டு வாரம் முன்னால் அந்தக் கிரைண்டரில் தேங்காய் அரைக்கும் வீடியோ ஒன்று அனுப்பினார். கல் பாதியில் நின்றுவிடுகிறதாம், ஏன் என்று கேட்டிருந்தார். பெல்ட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.